பலூன் ஓரத்தில் ஒரு மேடு

போன இதழில் தீத்தழும்புகளைப் பற்றி நாலு பந்தி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் ஒரே விஷயம்தான்: தழும்பை மூடுவதற்காகப் பக்கத்துத் தோலை விரிக்க, அதற்குக் கீழே வைக்கும் பலூன். ஆகவே சீனி வருத்தப் புண்காரரும் நகச்சுத்திக்காரரும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டொக்டர் ஐயா, என் மகளுக்கு ஒன்பது வயது. 2022இல் கறண்ட் வெட்டு நடந்த நாட்களில் ஜாம் போத்தலில் செய்த மண்ணெண்ணெய் விளக்கு சரிந்து அவளுடைய தலையில் இடது பக்கம் எரிந்துவிட்டது. காதுக்கு மேலே என் உள்ளங்கையளவு இடத்தில் முடியே இல்லை. இப்போது அதற்குப் பக்கத்தில், முடியுள்ள தோலுக்குக் கீழே பலூன் வைத்து, கிழமைக்கு ஒரு தடவை ஊசியால் தண்ணீர் ஏற்றுகிறார்கள். இது ஏழாவது கிழமை. போன சனிக்கிழமை தலை கழுவிவிடும்போது பலூன் ஓரத்தில் எலும்பு மாதிரி ஒரு வரம்பு கையில் தட்டுப்பட்டது. முன்பு அது இருக்கவில்லை. நோவில்லை என்கிறாள். மாமி, “எலும்பிலை கட்டி வளருது” என்று சொல்லி அழுகிறா. கிளினிக்கில் சனம் நிறைந்திருந்ததால் கேட்க வாய் வரவில்லை. இந்தப் பலூன் எலும்பைத் தின்கிறதா, வளர்க்கிறதா? — ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் செய்கிறது. நடுவில் தின்கிறது, ஓரத்தில் வளர்க்கிறது. கடிதத்துக்குள்ளால் கைவிட்டுப் பிள்ளையின் தலையைத் தடவ எனக்கு வழியில்லை. ஆனாலும் பலூன் விளிம்பை ஒட்டி, ஏழாம் கிழமையில், நோவில்லாமல் ஒரு வரம்பு என்றால் முப்பது வருஷம் இந்த வேலை செய்தவனுக்குக் கட்டி என்ற நினைப்பு முதலில் வராது. மாமியை அழவேண்டாம் என்று சொல்லுங்கோ.

ஏன் இப்படி நடக்கிறது என்று விளங்க, குசினிக்குப் போய் ஒரு தேங்காயை எடுங்கோ. மட்டையை உரித்த பிறகும் சிரட்டையோடு இறுக ஒட்டிக்கொண்டு கொஞ்சத் தும்பு நிற்கும். கத்தியால் வழித்தால்தான் போகும். மண்டையோட்டின் மேலும் அப்படி ஒரு சவ்வு ஒட்டியிருக்கிறது. எலும்புச்சவ்வு என்று வைத்துக்கொள்வோம். வார்டில் நாங்கள் பெரியோஸ்டியம் என்போம். மூட்டுக்குள் வழுக்கி அசையும் முனைகளை விட்டால், உடம்பில் அநேகமாக எல்லா எலும்புக்கும் இந்தப் போர்வை உண்டு. ஆனால் தும்பு செத்தது, சவ்வு உயிருள்ளது. அதற்கு இரண்டு படைகள். வெளிப்படை நார், கயிறு மாதிரி உறுதி. உட்படையில்தான் எலும்பு செய்யும் கலங்கள் குடியிருக்கின்றன. எங்கள் வயதில் அந்த உட்படை மெலிந்து அரைத்தூக்கத்தில் கிடக்கும். உங்கள் மகளின் வயதில் அது தடிப்பாக, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குக் கை முறிந்தால் கெதியாகப் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலூனை நாங்கள் வைப்பது மட்டைக்கும் தும்புக்கும் இடையில், சவ்வைக் கிழிக்காமல் அதன் மேல். எக்ஸ்பாண்டர் என்பது வார்டில் அதன் பெயர்: சிலிக்கன் பை ஒன்று, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாயின் முனையில் ஊசி குத்துவதற்கு ஒரு பொத்தான். எல்லாம் தோலுக்குள்ளே. கிழமைக்குக் கிழமை சேலைன் ஏற ஏறப் பை பெருக்கிறது. ஆனால் பலூனுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. வெளியே தோலை எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறதோ, அதே பலத்தோடு உள்ளே எலும்பையும் அமத்துகிறது. இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் குணப்படி பதில் சொல்கின்றன.

தோலின் பதில் எல்லோரும் எதிர்பார்ப்பது. முதல் சில மணித்தியாலங்களில் அது வெறுமனே இழுபடுகிறது. காலி வீதிக் கொத்துக்கடையில் எண்ணெய் தடவி ஊறவைத்த மாவை மேசையில் அடித்து வீசுகிறார்களே, அந்த வகை. அதில் மாவு அகலும், கூடாது. அடுத்தடுத்த நாட்களில் நடப்பதுதான் அதிசயம்: இழுவையை உணர்ந்த தோல் புதுக் கலங்களை உண்டாக்கத் தொடங்குகிறது, புது இரத்தக்குழாய்கள் வருகின்றன. கடைக்காரர் வீச வீச மாவே பெருகுவதாக நினைத்துப் பாருங்கள். மேற்தோல் சற்றுத் தடிக்கும். அதற்குக் கீழுள்ள தோற்படையும் கொழுப்பும் மெலியும். பலூனைச் சுற்றி உடம்பே ஒரு புது உறை நெய்துகொள்ளும். இரத்தக்குழாய் நிறைந்த உறை அது. பிறகு அந்தத் தோலை வேறிடத்துக்குத் திருப்பி வைக்கும்போது அது வாடிவிடாமல் காப்பாற்றுவதில் இந்த உறைக்கும் பங்குண்டு.

எலும்பால் இழுபட முடியாது. ஆனால் எலும்பைக் கல் என்று நினைக்கக்கூடாது, அது நாள்தோறும் இடித்துக் கட்டப்படும் வீடு. மேலே பாரம் நின்றால் இடிக்கும் கலங்கள் வேலையைக் கூட்டிக்கொள்கின்றன. மண்டையோட்டின் வெளித்தட்டு மெலிந்து, பலூனின் அடிக்குப் பொருத்தமாக ஆழமில்லாத ஒரு குழி விழுகிறது. பலூனின் விளிம்பில் கதை வேறு. அங்கே அமுக்கம் இல்லை. பலூனால் உயர்ந்த திசு, கூடாரத் துணி முளையிலிருந்து எழும்புவதுபோல, சவ்வை எலும்பிலிருந்து மெல்லத் தூக்குகிறது. தூக்கப்பட்ட சவ்வுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். கீழே உள்ள இடைவெளியை எலும்பால் நிரப்புகிறது. வயலுக்குள் தண்ணீர் கட்ட வரம்பு எழுப்பினது மாதிரி பலூனைச் சுற்றி ஒரு மேடு. உங்கள் கையில் தட்டுப்பட்டது அதுதான்.

இதை நான் முதன்முதலில் விரலால் உணர்ந்தது பயிற்சிக் காலத்தில். பன்னிரண்டு வயதுப் பொடியன். பலூனை வெளியே எடுத்த இடத்தில் விரலை வைத்தேன். தேநீர்க் கோப்பையின் அடித்தட்டு மாதிரி ஒரு பள்ளம், சுற்றிவர விளிம்பு. மண்டையோட்டைக் கெடுத்துவிட்டோம் என்று எனக்கு வியர்த்துவிட்டது. என் பெரிய டொக்டர் முகக்கவசத்துக்குள்ளால் சொன்னார்: “நல்லாத் தடவி ஞாபகம் வைச்சுக்கொள். அடுத்த வருஷம் கிளினிக்கிலை திரும்பத் தேடு.” தேடினேன். கிடைக்கவில்லை. அமுக்கம் போனதும் குழி நிரம்புகிறது, மேடு கரைகிறது; பெரும்பாலும் சில மாதங்களில், பிள்ளைகளில் இன்னும் கெதியாக. மேடு உயரமாக நின்று புதுத்தோலைப் படியவிடாமல் செய்தால் பலூனை எடுக்கும் இரண்டாவது ஒப்பரேசனிலேயே அதைச் சீவிவிடுவார்கள், பெரிய வேலையில்லை. எலும்பு முழுத் தடிப்புக்கும் அரிபடுவது மிக அரிது. கைக்குழந்தைகளின் மெல்லிய மண்டையில் நாங்கள் பயந்து பயந்து ஏற்றுவது அதற்காகத்தான்.

ஆகவே வரம்பைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பயப்படவேண்டியவை வேறு. பலூனுக்கு மேல் தோல் சிவந்து சுடுகிறதா, நீலமோ கறுப்போ படர்கிறதா, தையலோரம் நீர் கசிகிறதா, காய்ச்சல் வருகிறதா, தலையிடியோடு சத்தி எடுக்கிறாளா, உப்பியிருந்த பலூன் திடீரென்று சப்பளிந்துவிட்டதா? இதில் ஒன்று நடந்தாலும் கிளினிக் நாள் வரை நிற்கவேண்டாம், அன்றைக்கே போங்கள். வரம்பைப் பற்றியும் அடுத்த தடவை கட்டாயம் கேளுங்கள். சனம் இருந்தால் இருக்கட்டும். கேள்வியைத் துண்டில் எழுதி ஊசி போடும் மிஸ்ஸின் கையில் கொடுத்தாலும் போதும்.

“கெதியாக முடிக்க ஏலாதா” என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மாமி கேட்பா. அதற்கும் என்னிடம் கதை இருக்கிறது, பெருமைப்படும் கதை இல்லை. ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள். சாமத்தியச் சடங்குக்கு நாள் குறித்துவிட்டார்கள், அதற்கு முன் தலைமுடி சரியாகவேண்டும் என்று தகப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கிழமைக்கு இரண்டு தடவை ஏற்றினேன், அளவையும் கூட்டினேன். கடைசித் தடவை தோல் வெளுத்தது. கொஞ்சம் நின்று பார்த்தேன், இளஞ்சிவப்பு திரும்பினமாதிரி இருந்தது, அனுப்பிவிட்டேன். உண்மையில் அப்போதே ஊசியைத் திரும்பக் குத்திச் சேலைனை உறிஞ்சியிருக்க வேண்டும். ஐந்தாம் நாள் பஸ்ஸேறித் திரும்பி வந்தார்கள். தோல் கிழிந்து சிலிக்கன் பளபளவென்று தெரிந்தது. பலூனைக் கழற்றி, புண் ஆறி, திரும்பத் தொடங்க ஒரு வருஷம் போனது. சடங்குப் படத்தில் அந்தப் பிள்ளை முக்காடு போட்டிருந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவேண்டாம். தவறு கட்டடத்துடையது இல்லை, என் கையுடையது.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெளிச்சம் இல்லாமல் இருந்தோம். அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் ஜாம் போத்தல் விளக்காகியது! உயரமான, பாரமில்லாத போத்தல், இறுக்கம் இல்லாத மூடி. தட்டினால் சரியும், சரிந்தால் உருளும், உருண்டால் எண்ணெய் கொட்டும். எங்கள் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இதற்காகவே ‘சுதீப’ என்ற விளக்கை வடிவமைத்தார்: கட்டையான, பாரமான கண்ணாடி, உருளாதபடி தட்டையான பக்கங்கள், திருகி இறுக்கும் மூடி. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. என் துறையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தைத்த தோலை விட அந்தப் போத்தல் காப்பாற்றிய தோல் அதிகம் என்பது என் எண்ணம்.

கேள்வி: சேர், பெரியோஸ்டியம் இழுபடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பேராதனையில் பல் வைத்தியம் படிக்கும் என் நண்பன், பெரியோஸ்டியத்துக்குக் கீழே எக்ஸ்பாண்டர் வைத்துத் தாடையெலும்பையே வளர்க்கலாம் என்று வாதாடுகிறான். யார் சரி? — மருத்துவ பீட மாணவன், வெள்ளவத்தை

பதில்: தம்பி, இதை ஒரு பன்றிக்கறிச் சாப்பாட்டிலிருந்து தொடங்கவேண்டும். 1736 அளவில் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரிச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் பெல்சியர், துணிக்குச் சாயம் அச்சிடும் ஒருவர் வீட்டில் சாப்பிடப் போனார். கோப்பையில் வந்த பன்றியின் எலும்பு சிவப்பாக இருந்தது. விசாரித்தால், சாயத்தொட்டியில் பயன்பட்ட தவிட்டைத்தான் அந்த வீட்டுப் பன்றிகள் தின்கின்றன. தவிட்டில் மஞ்சிட்டி இனத்து வேரின் சாயம். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டி எடுத்த சாயவேரில் இருப்பதும் அதே அலிசரின்தான். அது புதிதாகப் படியும் எலும்பில் மட்டும் ஒட்டிக்கொள்ளும், பழைய எலும்பைத் தொடாது.

செய்தி பிரான்சுக்குப் போனது. அங்கே டுஹாமெல் டு மொன்சோ என்றொருவர். வைத்தியர் இல்லை, மரம் செடி ஆராய்ந்தவர். 1740களில் மிருகங்களுக்குச் சாயம் சேர்த்த தீனியையும் சேர்க்காத தீனியையும் மாறி மாறிக் கொடுத்தார். எலும்பை அறுத்துப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமாக வளையங்கள், மரத்தில் இருப்பதுபோல. சவ்வுக்குக் கீழே வெள்ளிக் கம்பி வைத்துத் தைத்தார்; கொஞ்சக் காலத்தில் கம்பி எலும்புக்குள் புதைந்துவிட்டது. மரப்பட்டைக்குக் கீழுள்ள கேம்பியம் மரத்தைத் தடிக்கச் செய்வதுபோல இந்தச் சவ்வு எலும்பைத் தடிக்கச் செய்கிறது என்றார். சவ்வின் உட்படைக்கு நீங்கள் பாடமாக்கும் ‘கேம்பியம் படை’ என்ற பெயரில் அந்த மரத்தின் வாசம் இன்னும் இருக்கிறது. விரிவுரையில் இதைச் சொல்வதில்லை, பரீட்சைக்கு வராதாம்.

இனி இழுவைக்கு வருவோம். உங்கள் விரிவுரையாளர் பிழை சொல்லவில்லை. நண்பனை அவனுடைய துறையிலேயே மடக்கலாம்: பல்முரசைத் தூக்கி முன்னே இழுத்துத் தைக்கவேண்டுமென்றால் பல் சத்திரசிகிச்சையாளர் என்ன செய்கிறார்? உள்பக்கம் பெரியோஸ்டியத்தைக் குறுக்கே ஒரு கீறு கீறுகிறார். கீறியதும் முரசு தளர்ந்து வருகிறது. கீறும் வரை அசையாது. ஒரு மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் அது இழுபடாத பொருள்தான். கிழமைக் கணக்கில் பார்த்தால் அப்படி இல்லை. மெல்ல மெல்லத் தூக்கினால் நார்ப்படை இடம் கொடுக்கிறது, உட்படை விழித்துக்கொள்கிறது, கீழே எலும்பு வருகிறது. முயல்களிலும் வேறு மிருகங்களிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சோவியத் எலும்பு வைத்தியர் இலிசாரோவ், நோயாளிகளின் கால் எலும்பை நீட்டும்போது நாளுக்கு 1 மில்லிமீற்றர், அதையும் நாலு தடவையாகப் பிரித்துத் திருகியது ஏன் என்று யோசியுங்கள். சவ்வையும் எலும்பு மச்சையையும் முடிந்தவரை காயப்படுத்தாமல் விடவேண்டும் என்று அவர் அடம்பிடித்ததையும் சேர்த்து யோசியுங்கள். அவசரமாக இழுத்தால் உட்படை கிழிகிறது. கிடைப்பது எலும்பில்லை, நார்.

நண்பன் சொல்லும் எக்ஸ்பாண்டர் பெரும்பாலும் ஊசி போடுகிற வகையாக இருக்காது. அது கொன்டாக்ட் லென்ஸ் செய்கிற இனத்து ஜெல், குளிசை அளவு. புறக்கோட்டையில் பலூடா குடித்திருப்பீர்கள், கசகசா ஊறினால் என்ன ஆகும் என்று தெரியும். அதேதான். உடம்பின் நீரை உறிஞ்சிக் கிழமைக்கணக்கில் உப்புகிறது. 1982இல் ஓஸ்டாட், ரோஸ் என்ற இருவர் உப்புக்கரைசல் அடைத்த பையால் தொடங்கிய யோசனை அது. ஊசி இல்லை என்பது வசதி. நிறுத்த முடியாது என்பது எனக்குப் பிடிக்காதது. ஹட்டன் பிள்ளையின் கதையைப் படித்தீர்கள்தானே. எனக்கு அன்றைக்கு உறிஞ்சி எடுக்க வழி இருந்தும் தவறவிட்டேன். கசகசாவைத் திரும்ப உலர்த்துவது எப்படி?

அந்த ஜெல்லைச் சவ்வுக்குக் கீழே வைத்தாலும், கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் தலையில் நடப்பதே சின்ன அளவில் தாடையிலும் நடக்கிறது: அடியில் கொஞ்சம் குழி, விளிம்பில் கொஞ்சம் புது எலும்பு. பலூன் தள்ளுவதால்தான் இந்தச் சிக்கல். தள்ளுகிற எதுவும் எதையோ மிதித்துக்கொண்டுதான் தள்ளும். சவ்வுக்குக் கீழே ஒரு மெல்லிய தகட்டை வைத்து, திருகாணியால் நாளுக்குக் கொஞ்சமாக உயர்த்தும் முறைக்கு இந்தக் குறை மிகக் குறைவு. அங்கே எலும்பின் மேல் நிற்பது திருகாணியின் நுனி மட்டுமே. ஆகவே நண்பனிடம் இப்படிச் சொல்லுங்கோ: தாடையில் எக்ஸ்பாண்டர் வைப்பதன் முதல் இலாபம் எலும்பு இல்லை, முரசு. பிறகு வைக்கப்போகும் எலும்புத்தூளை இறுக்கம் இல்லாமல் மூடித் தைக்கப் போதிய முரசு. எலும்பு கிடைத்தால் அது கைவிசேஷம்.

கேள்வி: நீர்கொழும்பு வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்து. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வெளியே தெரிந்தது. கெண்டைக்கால் தசையைத் திருப்பி மூடி, அதற்கு மேல் தோல் ஒட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு எலும்புக்கு மேலேயே தோல் ஒட்டினார்கள். எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய வெட்டு? பலூன் வைத்திருக்கலாமே? இன்னொன்று, எலும்பு இல்லாத இடத்தில் சீமெந்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பகிடியா? — வத்தளை வாசகர்

பதில்: பக்கத்துக் கட்டில்காரருக்குச் சவ்வு தப்பியிருக்கிறது. உங்களுடையதை வீதி உரித்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒட்டுத்தோல் முதல் ஓரிரு நாள் கீழே கசியும் நீரை உறிஞ்சி உயிர் பிடிக்கும். அதற்குள் கீழிருந்து இரத்தக்குழாய்கள் வந்து கைகொடுக்க வேண்டும். எலும்புச்சவ்வு அந்தக் கையைக் கொடுக்கும். சவ்வில்லாத வெறும் எலும்பு கொடுக்காது. சீமெந்துத் தரையில் புல் பதித்த மாதிரி மூன்றாம் நாளே காய்ந்துவிடும். தலையில் இப்படி நடந்தால் வெளித்தட்டைத் துளைத்து, உள்ளிருக்கும் பஞ்செலும்பிலிருந்து சதை முளைக்கவிட்டு அதன் மேல் ஒட்டும் வழியும் உண்டு. காலில் தசையைக் கொண்டுவருவதே நம்பகம்.

பலூன் திறந்த புண்ணுக்கான வேலை இல்லை. அதற்குக் கிழமைகள் தேவை, வெளித்த எலும்பு கிழமைக்கணக்கில் காத்திருக்காது. அதுவும் முழங்காலுக்குக் கீழே! தோல் இறுக்கம், இரத்த ஓட்டம் குறைவு. பலூன் வெளியே தள்ளுவதும் கிருமி பிடிப்பதும் அங்கேதான் கூட.

சீமெந்து பகிடியில்லை. கட்டடச் சீமெந்தும் இல்லை, மூட்டு மாற்றும்போது பாவிக்கும் பிளாஸ்டிக் வகைச் சீமெந்து. மஸ்கெலே என்ற பிரெஞ்சு வைத்தியர் 1986இல் தொடங்கிய முறை. எலும்பு போன இடைவெளியில் சீமெந்துத் துண்டை வைத்து மூடினால், ஆறு எட்டுக் கிழமைக்குள் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வை நெய்கிறது. பலூனைச் சுற்றி நெய்யும் என்றேனே, அதன் சகோதரி. பிறகு சவ்வைப் பக்குவமாகத் திறந்து, சீமெந்தை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துணுக்குகளை நிரப்பித் திரும்ப மூடுவார்கள். இழந்த எலும்புச்சவ்வுக்குப் பதிலாள் அது. இரத்தமும் கொடுக்கும், எலும்பு வளரத் தூண்டும் பொருட்களும் சுரக்கும். இரண்டாவது ஒப்பரேசனுக்குக் கூப்பிட்டால் “வேலை சரிவரவில்லையோ” என்று நினைக்கவேண்டாம். முதலிலேயே போட்ட திட்டம் அது. அதுவரை சிகரெட்டைத் தொடவேண்டாம். இதை வேண்டுகோளாக எழுதவில்லை.

கேள்வி: பலூனால் விரித்த தலைத்தோலில் முடி புதிதாக முளைக்குமா? — மருதானை

பதில்: முளைக்காது. இருக்கிற முடிவேர்கள் தள்ளித் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். ஆனாலும் தலைத்தோல் இரண்டு மடங்கு விரியும் வரை பார்ப்பவர் கண்ணுக்கு ஐதாகத் தெரியாது. தலையில் பாதியளவு வழுக்கைத் தழும்பைக்கூட மிச்சப் பாதியால் மூடலாம் என்று நாங்கள் துணிவது இதனால்தான்.

கேள்வி: மனைவிக்கு மார்பில் எக்ஸ்பாண்டர் இருக்கிறது. முதுகு நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். போகலாமா? — தெமட்டகொடை

பதில்: போகமுன் நில்லுங்கோ. சில எக்ஸ்பாண்டர்களின் ஊசி பொத்தானுக்குள் காந்தம் இருக்கிறது, பொத்தானை வெளியிலிருந்து தேடிக் கண்டுபிடிப்பதற்காக. அப்படியானால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குப் பக்கத்திலும் போகக்கூடாது. ஒப்பரேசன் முடிந்ததும் தந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய் முதலில் அவருடைய சத்திரசிகிச்சை வைத்தியரிடம் காட்டுங்கள். அட்டை தொலைந்துவிட்டது என்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பவரிடம் வாயால் சொல்லுங்கள்; எக்ஸ்ரே ஒன்றில் பொத்தான் தெரிந்துவிடும்.

கேள்வி: தம்பி, எனக்கு 78 வயது. சின்ன வயதிலிருந்து பாரமான தோடு போட்டுக் காதுத் துளை நீண்டு, போன மாதம் ஒரு பக்கம் அறுந்தே போய்விட்டது. ஊரில் என் பாட்டி பஞ்சும் ஓலைச்சுருளும் வைத்துக் காது வளர்த்தவ. அதுவும் நீங்கள் எழுதும் பலூனும் ஒன்றா? அறுந்ததைத் தைக்கலாமா? — பம்பலப்பிட்டி

பதில்: ஒன்றேதான் அக்கா. உங்கள் பாட்டி நாளுக்கு நாள் ஓலைச்சுருளைப் பெருப்பித்தது நாங்கள் கிழமைக்குக் கிழமை ஊசி போடுவதுதான். பாட்டியும் அவசரப்பட்டிருந்தால் காது அன்றைக்கே அறுந்திருக்கும். தோடு போடும் காதுச் சோணையில் எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. ஆகவே குழியும் மேடும் என்ற தலைவலி அங்கே கிடையாது. 1957இல் நியூயோர்க்கில் நியூமன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் முதன்முதலில் தோலுக்குக் கீழே ரப்பர் பலூன் வைத்துக் காற்றேற்றி வெளியிட்ட கட்டுரையும் காதைப் பற்றியதே. விபத்தில் காதின் மேற்பகுதியை இழந்த ஒருவருக்குப் புதுக்காது செய்யத் தோல் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு இருபது வருஷம் அளவில் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1976இல் ரடோவன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் சிலிக்கன் பையோடு வந்து திரும்பத் தொடங்கிவைத்தார். உங்கள் பாட்டியிடம் யாரும் கட்டுரை கேட்கவில்லை.

தைக்கலாம். மரத்துப்போகும் ஊசி ஒன்று, அரை மணித்தியாலம், அன்றைக்கே வீடு. அறுந்த இரண்டு ஓரங்களிலும் தோல் மூடி ஆறியிருக்கும். அதை மெல்லச் சீவிப் பச்சையாக்கித்தான் தைப்பார்கள், இல்லாவிட்டால் ஒட்டாது. இரத்தம் ஐதாக்கும் குளிசை குடிக்கிறீர்களா, சீனி எவ்வளவு என்பதை முதலே சொல்லிவிடுங்கோ. இரண்டு மூன்று மாதம் கழித்துப் புதுத்துளை குத்தலாம். பழைய தழும்பின் மேல் வேண்டாம், பக்கத்தில். பாரமான தோட்டைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டு, செட்டியார் தெருவில் ஒரு சின்ன மூக்குத்தியளவு தோடாகப் பாருங்கோ.